கைய எடுங்கப்பா

தம்பி,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். நானும் "போட்டேன், போட்டேன்" என்று சொல்லிப் போனை உன் அம்மாவிடம் நீட்டிவிடுவேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். கண்டக்டர் வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நாலு பேர் குறுக்கே பேசுவார்கள். இந்த ஒரு தடவையாவது கடைசி ஸ்டாப் வரை பேசிவிட்டு இறங்குகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். நிதானமாக உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா வந்தாள் அல்லவா, கழுத்தில் ரோஸ் கலரில் ஒரு குட்டி பைனாகுலரை மாட்டிக்கொண்டு? "தாத்தா, அடுத்த சனிக்கிழமைலேருந்து நானும் அப்பாகூட பார்க்குக்கு பேர்ட்ஸ் பாக்கப் போறேன்! இருட்டா இருக்கும்போதே எந்திரிக்கணும்!" என்று குதித்தாள். உன் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எந்தங்கம், குல்லா போட்டுட்டுப் போகணும் சாமி" என்று இங்கிருந்தே அவள் காதை மூடிவிடப் பார்த்தாள். நான் "நல்லதும்மா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அதற்கப்புறம் கையில் இருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. கவலை என்று சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும். ஆனால் இது பயம்.

எதற்கு என்று உனக்குத் தெரியும். போன வருஷம் குளிர்காலத்தில் நாங்கள் அமெரிக்கா வந்து உன் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததை நீயும் நானும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மாகிட்ட சொல்ல வேணாம்ப்பா" என்று காரில் நீ சொன்னாய். சரி என்றேன். அதைச் சொல்லாமல் வைத்ததில் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லாமல் போய்விட்டோம். இப்போது பாப்பா வருகிறாள் என்றதும் என்னால் முழுங்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்கா எனக்குப் பிடித்திருந்தது. நான் கேலி பேசினேன், இல்லையென்று சொல்லவில்லை. "குருவி பாக்க இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வரணுமா? நம்ம கண்மாய்க்கரையில போய் நின்னா கொக்கும் நாரையும் காலுக்குள்ள வந்து சுத்துது" என்று உன்னை வம்புக்கு இழுத்தேன். ஆனால் நடு ஊரில், அத்தனை உயரக் கட்டடங்களுக்கு நடுவே, அவ்வளவு பெரிய காட்டை விட்டுவைத்திருக்கிறார்களே என்று உள்ளுக்குள் எனக்கு ஆச்சரியம்தான். ஏரியின் ஓரமெல்லாம் உறைந்துபோய், நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். முகூர்த்த நாளில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு மாதிரி அந்தக் கொஞ்சத் தண்ணீரில் அத்தனை வாத்தும் அடைந்து கிடக்கும். நீ ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் பெயர் சொல்லுவாய். எனக்கு வாயில் நிற்காது. நானே பெயர் வைத்தேன். சிவப்பாகக் கொண்டை வைத்திருப்பவன் மாப்பிள்ளை. தலையில் கறுப்புக் குல்லா போட்ட பொடிப்பயல் பொடியன். நீ என் உள்ளங்கையில் விதையை வைத்து "அசையாம நில்லுங்கப்பா" என்றாய். பொடியன் வந்து விரலில் உட்கார்ந்து ஒரு விதையைப் பொறுக்கிக்கொண்டு போனான். அவன் கனமே தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க உன் அம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் "போதும், விடுங்க" என்று சொல்லும் வரைக்கும்.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் நீ உன் கதையைச் சொன்னாய். அங்கே போன முதல் குளிர்காலம். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. சனி ஞாயிறு முழுக்க யாரிடமும் பேசாமல் போகுமாம். போனில் எங்களிடம் "நல்லா இருக்கேன்" என்றுதானே சொன்னாய், படுபாவி! ஜன்னலுக்கு வெளியே ஒரு மரங்கொத்தி வந்ததாம். அதன் பின்னாலேயே போய்ப் பூங்காவைக் கண்டுபிடித்தாயாம். "அது வரலேன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியலப்பா" என்றாய். நான் உன் முதுகைத் தட்டினேன். அந்த மரங்கொத்திக்கு நான் கடமைப்பட்டவன். அதனால்தான் பறவை பார்க்கப் போகாதே என்று உன்னிடம் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். முதல்நாள் ராத்திரி பனி கொட்டியிருந்தது. பூங்காவின் வடக்கு ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில், ஒரு ஊசியிலை மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது என்று பறவை பார்க்கிற உன் குழுவில் யாரோ செய்தி போட்டிருந்தார்கள். என்னை அங்கே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நீ கொஞ்சம் தள்ளி நின்று பைனாகுலரை அந்த மரத்துக்குத் தூக்கினாய். எனக்கு உன் பழைய நீளக் கோட்டு, முகத்தில் பாதியை மூடிய குரங்குக் குல்லா. உனக்கும் மூக்கு வரை மஃப்ளர். அந்த மரத்துக்குப் பின்னால் வேலிக்கு அப்பால் வீடுகள் இருந்தன. நீயும் நானும் மரத்தைத்தான் பார்த்தோம். அந்த வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? விடிந்தும் விடியாத நேரத்தில் யாரோ இரண்டு ஆண்கள் முகத்தை மூடிக்கொண்டு தங்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்றுதான் தெரிந்திருக்கிறது. போலீஸ் கார் வந்து நின்றது.

இறங்கியவனுக்கு உன் வயதுதான் இருக்கும். அவனைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். எழுந்து அவனை நோக்கி நடந்தேன். யூனிஃபார்மைப் பார்த்தால் என் உடம்பு தானாகச் செய்வது அது. கீரனூர் ரோட்டில் எந்த வளைவில் வேண்டுமானாலும் செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் ஏறுவார். ஏறினால் அவர் கேட்பதற்கு முன்னால் நாமே எதிரே போய், டிக்கெட் கணக்கு எழுதிய இன்வாய்ஸ் தாளை எடுத்து நீட்டிவிட வேண்டும். கை பைக்குள் போகத் தாமதமானால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். சர்வீஸ் முழுக்க அப்படியே பழகிவிட்டேன். அன்றைக்கும் கோட்டுக்குள் கையை விட்டேன். சட்டைப் பையில் பாஸ்போர்ட் ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். ஆதார் ஜெராக்ஸும் அதிலேயே இருந்தது. அமெரிக்காக்காரன் ஆதாரை வைத்து என்ன செய்வான் என்று நீ அதற்கு முன்பே என்னைக் கிண்டல் செய்திருந்தாய்.

அவன் ஏதோ கத்தினான். எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் பக்கவாட்டிலிருந்து நீ கத்தினாய்: "கைய எடுங்கப்பா! கைய எடுங்க!"

தம்பி, நீ சொன்னது கோட்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடு என்று. அது இப்போது எனக்குத் தெரியும். ஆனால் போலீஸ்காரன் முன்னால் நிற்கும்போது "கைய எடு" என்று கேட்டால், நம் ஊர்க்காரன் காதில் என்ன விழும்? கையெடுத்துக் கும்பிடு என்றுதான் விழும். நம் பிள்ளை மரியாதை சொல்லிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். கும்பிட மறந்துவிட்டோமே என்று பதறிப்போய், கோட்டுக்குள்ளிருந்த கையை வெடுக்கென்று உருவினேன். கையோடு அந்தக் கவரும் வந்தது. அதை வைத்துக்கொண்டே கும்பிடுவதற்கு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தேன். அவன் துப்பாக்கியை எடுத்துவிட்டான்.

துப்பாக்கி முனையில் ஒரு ஓட்டை இருக்கும், அவ்வளவுதானே, சினிமாவில் அதைப் பார்க்காதவன் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மை நோக்கி இருக்கும்போது வேறு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீ இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாய். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. அது உன் குரலே இல்லை. நடுவில் என் பக்கம் திரும்பாமல், "அப்பா, அசையாதீங்க" என்றாய். உடனே அவன், "இங்கிலீஷ்! இங்கிலீஷ்!" என்று கத்தினான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. அதோடு நீ தமிழை நிறுத்திவிட்டாய். என் பிள்ளை பக்கத்தில் நிற்கிறான், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அசையக் கூடாது என்பது எது வரைக்கும்? மூச்சு விடலாமா? கையை இறக்கலாமா? யாரைக் கேட்பது? நான் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றேன். உன்னைச் சுட்டுவிடுவான், அதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைச் சுடுவான் என்று தோன்றவே இல்லை. என் கால்சட்டை நனைந்தது. அந்தக் குளிரில் அது சூடாக இருந்தது.

பிறகு அந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மா வந்தாள், உங்கள் குழுவில் எப்போதும் பச்சைக் கோட்டில் வருவாளே, அவள். தூரத்திலிருந்தே கையை ஆட்டிப் பேசிக்கொண்டு வந்தாள். மரத்தைக் காட்டினாள். அவன் மரத்தைப் பார்த்தான், ஆந்தையைப் பார்த்தான், துப்பாக்கியை உறையில் போட்டான். நீ அவனிடம் எதையோ விளக்கினாய். அவன் என்னிடம் வந்து ஏதோ சொன்னான், மன்னிப்பு மாதிரிதான் இருந்தது. அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துப்பாக்கியை ஒரே தடவையில் உறைக்குள் போட அவனுக்கு வரவில்லை, பார்த்தேன். அவனும் பயந்துதான் எடுத்திருக்கிறான். அதுதான் தம்பி எனக்கு இன்னும் பெரிய பயம். கெட்டவனிடமிருந்து தப்பிக்கலாம். பயந்தவனிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

காரில் நீ சீட்டின் மேல் துண்டை விரித்து, "பனில உக்காந்தீங்கள்ல, ஈரமா இருக்கும்" என்றாய். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய். அந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது உனக்கு? என்னிடமிருந்து இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. நீ சனிக்கிழமை விடியற்காலையில் அங்கே கிளம்பும்போது இங்கே எங்களுக்குச் சாயங்காலம். நான் கண்மாய்க்கரைக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வெளியூர் வாத்து, உள்ளான் எல்லாம் வந்து இறங்கியிருக்கின்றன. நீ சொல்லிக்கொடுத்த மாதிரி மூக்கைப் பார்க்கிறேன், இறக்கையைப் பார்க்கிறேன். ஆனால் கையில் போன் இருக்கும். நீ கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பைப் பார்த்தாய் என்று திறந்து திறந்து பார்ப்பேன். நம் குடும்பக் குழுவில் நீ ஏதாவது ஒரு பறவைப் படத்தைப் போட்டுவிட்டால், இந்த நேரம் வரைக்கும் இருக்கிறான் என்று மூச்சு வரும். உன் அம்மா, "சனிக்கெழம ஆனா ஒங்களுக்கு என்னதான் பிடிக்கிதோ, மொகமே இல்ல" என்பாள். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு எடுப்புக்கு வெடி போட்டார்கள், நான் வாசல்படியில் அப்படியே குந்திவிட்டேன்.

போன மாதம் ஒரு கூத்து நடந்தது, உன்னிடம் சொல்லவில்லை. குன்றாண்டார்கோவிலுக்கு உரம் வாங்க டிவிஎஸ் ஃபிஃப்டியில் போனேன். வழியில் போலீஸ் ஹெல்மெட் செக்கிங். ஒரு எஸ்ஐ கையைக் காட்டினார். நான் வண்டியை நிறுத்தினேன், நிறுத்தியதும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். வண்டி சாய்ந்து என் கால் மேலேயே விழுந்தது. "ஏன் பெருசு, நான் என்ன சுடவா போறேன்? ஹெல்மெட் எங்கன்னுதான் கேக்கப் போறேன்" என்று அவர் சிரிக்க, சுற்றி நின்றவனெல்லாம் சிரித்தான். நானும் சிரித்தேன். வண்டியைத் தூக்கிவிட்டு, "பாத்து அங்கிட்டு ஓரமாப் போங்க" என்று அனுப்பினார். கொஞ்ச தூரம் வந்து ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அழுதேன். கணுக்கால் வீங்கியதற்கு உன் அம்மாவிடம் பள்ளத்தில் விட்டேன் என்று பொய் சொன்னேன்.

நேற்றுக் காலையில் அந்தப் பொய்யையும் சேர்த்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன், கோபப்படாதே. பாப்பா போகிறாள் என்றான பிறகு இதை நான் ஒருத்தனாகச் சுமக்க முடியாது. அழுது ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல் கேட்டாள். கால்சட்டை விஷயம் வந்தபோது மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அவென் ஒங்கள்ட்ட எதுக்குத் தமிழ்ல கத்துனான்?" என்றாள்.

"பெறகு? இங்கிலீசுல கத்துனா எனக்குப் புரியுமாடி?"

"ஒங்களுக்குப் புரியாட்டிப் போகுது. துப்பாக்கி வச்சிருக்கவனுக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

இத்தனை மாதம் நான் "கைய எடு" என்ற ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. நீ தமிழில் கத்தியது நம் இரண்டு பேருக்குள்தான். அங்கே துப்பாக்கியோடு நின்றவனுக்கு, முகத்தை மூடிய ஒருத்தனிடம் இன்னொருத்தன் என்னவோ உத்தரவு போடுகிறான், அவன் உடனே கையை உருவுகிறான், அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். பறவை பார்க்கப் போகாதே என்று சொல்லமாட்டேன். அது உன்னைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வடக்கு ஓரத்துக்கு, வீடுகள் பக்கம், போகாதே. ஆந்தை என்ன, மயிலே வந்து ஆடினாலும் போகாதே. பச்சைக் கோட்டு அம்மா வரும் நாளில் மட்டும் போ. முகத்தை மூடாதே. தூரத்திலிருந்தே தெரிகிற கலரில், ரோட்டு வேலைக்காரர்கள் போடுவார்களே, அந்த ஆரஞ்சில் உனக்கும் பாப்பாவுக்கும் சட்டை வாங்கு, பார்க்க அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நல்ல கையுறை வாங்கு. எவ்வளவு குளிர்ந்தாலும் கையைப் பைக்குள் விடாதே. பாப்பா குளிரடித்தால் உன் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொள்வாளே, அதை அங்கே செய்யவிடாதே. யாராவது யூனிஃபார்மில் வந்தால் உன்னிடம் ஓடி வரக் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிவை. விளையாட்டு மாதிரி வீட்டிலேயே பழக்கு. இதையெல்லாம் ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடு என்று எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் இருந்தபோது பாப்பா உன்னை "டாடி" என்று கூப்பிட்டால் நான் விடமாட்டேன். "யாருடி டாடி? அப்பான்னு சொல்லு" என்று காதைத் திருகுவேன். அவள் அப்பா என்று சொல்லும் வரை மிட்டாயைக் கொடுக்கமாட்டேன். அப்படித்தான் பழகினாள். இப்போது தூக்கத்தில்கூட அப்பா என்றுதான் சொல்கிறாள் என்று மருமகள் சொன்னாள். கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை! அங்கே அந்தப் பூங்காவில் பயந்துபோனால் அவள் என்னவென்று கத்துவாள்? பனியில் நின்றுகொண்டு "அப்பா! அப்பா!" என்று கத்தினால், எதிரே நிற்கிறவனுக்கு அது ஒரு குழந்தை தன் தகப்பனைக் கூப்பிடுகிற சத்தம் என்று தெரியுமா?

அவளுக்கு "டாடி" என்று கத்தச் சொல்லிக்கொடு தம்பி. போனில் என் எதிரே சொன்னாலும் நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன்.

அப்பா